ஏரிப் பாதையின் வளைவு

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் வீட்டில் இப்போது காப்பி போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் போட்டால் தூரிகை அலசின டர்பன்டைன் மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒருநாள் கோப்பை மாறிப்போய் நிஜமாகவே அதைத்தான் குடித்தேன். இரண்டாவது வாயில்தான் தெரிந்தது. இன்னொரு சர்க்கரைக் கட்டி எடுத்துக்கொள்கிறேன். பல்லில் கடித்துக்கொண்டு குடித்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

காவல் நிலையத்துக்கு எதற்கு வந்தேன் என்று கேட்டீர்கள். தாவெத்தியால்தான் வந்தேன். நேற்று அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதானாமே. "கன்னுங்கள நான்தான் தப்பா நட்டிருப்பேன், என்னைக் கொண்டுபோய் அடைச்சிடுங்க" என்றானாமே. ஊரே அவனுக்காக உருகுகிறது. பெண்கள் கொண்டுவந்து வைத்த மீன் அப்பமும் ரொட்டியும் அவன் வீட்டு மேஜையில் இடம் கொள்ளாமல் கிடக்கின்றன. செத்தது என் தங்கை. எனக்கு வந்தது ஒரே ஒரு ஏலக்காய் ரொட்டி, அதுவும் அடி கருகியது.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். தாவெத்தி நல்லவன். ஆனால் அவனால் ஒரு நேர்கோடு போட முடியாது, ஐயா. அவன் போட்ட வேலியைப் போய்ப் பாருங்கள், மாடே எந்தப் பக்கம் உள்ளே என்று தெரியாமல் குழம்பி நிற்கும். ஏரியில், ஓடை வந்து கலக்கிற வாய்க்குக் குறுக்கே நூல் பிடித்த மாதிரி மரக்கன்றுகள் நிற்கின்றனவே, ஒன்றுக்கொன்று சம தூரத்தில், அது என் கோடு. அதை இன்னொருவன் பேரில் எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பெயர் எவெர்த் காஸ்கி. தொழில், பனிக்கால ஓவியம். நம் ஃபின்லாந்தில் என் படம் மாட்டாத பல் வைத்தியர் கிடையாது என்பார்கள். பல்லைப் பிடுங்கும்போது பார்த்துக்கொண்டிருக்க என் படம் தோதானது, அதில் எதுவும் நடக்காது. ஆளில்லாத படம் ஒன்றை நம் தபால் அலுவலகத்தில் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நானும் தபால்தலை வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, "மேகம் நன்றாக வந்திருக்கிறது" என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அது மேகமில்லை, ஏரி.

இதைச் சொல்வதற்குக் காரணம், எனக்குக் கற்பனை கிடையாது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் போட வரும். அதற்காகவே சறுக்குக் கட்டைமேல் ஒரு பலகைக் குடிசை கட்டி, அதைக் குர்கி ஏரியின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போய், உள்ளே சின்ன அடுப்பு மூட்டி உட்கார்ந்துகொள்வேன். குளிரில் சாயம் கெட்டிப்படும். குழாய்களை எல்லாம் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். என் வயிற்றுச் சூட்டில் அதிகம் சுகப்பட்டது வெள்ளைச் சாயம்தான். கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை.

பனி எனக்கு வரும். மனிதர்கள் வர மாட்டார்கள். இளம் வயதில் ஒரு தடவை தாவெத்தி கை காய்ச்சிக்கொள்ளக் குடிசைக்குள் வந்து, படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஓவியரே, இந்த உருளைக்கிழங்கு மூட்டைய ஏன் பாதை நடுவுல போட்டு வச்சிருக்கீங்க?"

"அது நீதான், தாவெத்தி."

"அடடா. அப்போ பொண்டாட்டி சமையல் ஒத்துக்குது போல."

அன்று சாயங்காலம் என் தங்கை சைமா அந்தப் படத்தைச் சமையலறை மேஜையில் வைத்து, என் மெல்லிய தூரிகையை எடுத்து, மூட்டையைத் தாவெத்தியாக்கினாள். நகத்தளவு தாவெத்தி. தொப்பியைக் காற்று பறித்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்திருந்தான், மறு கை சட்டைப்பையில் புகையிலையைத் துழாவியது. ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் பெயர் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் படங்களில் ஆட்கள் எல்லாம் அவள் போட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரி பார்க்காமல் மீனை மறைக்கிற பெண், பனியில் விழுந்துவிட்டு யாரும் கவனித்தார்களா என்று பார்க்கிற பாதிரியார். நான் பனியை முடித்துவிட்டு, ஆட்களுக்கு இடம் விட்டு அவளிடம் கொடுப்பேன். அவள் போட்டதும் கையெழுத்து நான் போடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

எங்களுக்குள் அது ஒரு பாகப்பிரிவினை மாதிரி, ஐயா. பனி எனக்கு, மனிதர்கள் அவளுக்கு. அண்ணன் தங்கைக்குள் இவ்வளவு சுமுகமாகச் சொத்து பிரிந்த வீடு நம் வட்டாரத்தில் இன்னொன்று இருக்காது. அவள் ஒரு நாளும் முகம் கோணவில்லை. கேட்டிருந்தால் ஓரத்தில் அவள் பெயரையும் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காத வரைக்கும் அப்படி நினைப்பது சுலபம்.

போன இலையுதிர் காலத்தில் ஹெல்சிங்கியிலிருந்து எக்பம் வந்தார். படம் வாங்கி விற்பவர், பட்டுக் கழுத்துத்துணி, வாசனை. முதல் தடவையாக வீட்டுக்கே வந்ததால் எல்லாப் படங்களையும் சுவரோரம் அடுக்கினேன். அவர் ஒரு படத்துக்கு முன்னால் மண்டியிட்டார். நான் பூரித்துப்போனேன். பிறகு அவர் தன் தொப்பியைக் கழற்றி, படத்தின் மேல் வைத்து, என் வானத்தை மறைத்தார். இன்னொரு கையால் என் ஏரியை மறைத்தார். நடுவில் ஒரு சாண் மட்டும் மிச்சம் வைத்து, அதை உற்று உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சின்ன மனுஷங்கள யாருங்க போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சைமா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்று சொன்னாள்: "நான்தாங்க."

அவர் எழுந்து, தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைக் குலுக்கினார். அவர்கள் பேசி முடிக்கிற வரை நான் தட்டோடு நின்றேன். வசந்தத்தில் நடக்கிற கண்காட்சிக்கு அவள் தனியாகப் படம் தர வேண்டும், திறக்கிற அன்று அவளே வர வேண்டும் என்று முடிவாயிற்று. "அண்ணா, காப்பி ஆறுது, நீயாவது குடி" என்றாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சமையலறையில் படம் போட்டாள். துவைக்கிறவர்கள், ரொட்டி பிசைகிறவர்கள், பாட்டுக்கு நடுவில் தூங்குகிற சர்ச் பாடகர்கள். நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை, ஒன்றிலும் ஒரு துளி பனி இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பாகப்பிரிவினையை அவள் மதிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். படங்கள் உலர உலர எக்பமின் ஆள் வந்து எடுத்துப்போனான்.

இனி கன்றுகளுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஏரி உறைந்ததும் அக்கரையில் இருக்கிற ரயில் நிலையத்துக்குப் பனிக்கட்டி மேலேயே பாதை போடுகிறோம். ஊசியிலை மரக் கன்றுகளை வெட்டி, கட்டியில் துளை போட்டு வரிசையாக நடுகிறோம். கன்று நிற்கிற இடத்தில் கட்டி தாங்கும் என்று அர்த்தம். நடுகிற முறை ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுக்கு, இந்த வருஷம் தாவெத்தி வீட்டுக்கு. மில் ஓடை ஏரியில் கலக்கிற இடத்தில் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கட்டி மெலிந்திருக்கும். மேலே பனி மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் அங்கே பாதை அகலமாக வளைந்து, தீவைத் தொட்டுவிட்டு, திரும்பி வரும். நம் ஊர்க்காரர்கள் பனி கொட்டும்போது கண்ணை நம்ப மாட்டார்கள், கன்றை நம்புவார்கள். குதிரைகூட அப்படித்தான்.

சில வருஷம் முன்பு, ஒரு கன்று என் படத்தில் தேவாலயக் கோபுரத்தை மறைக்கிறது என்று அதைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டேன். கற்பனை கிடையாது என்று சொன்னேன் அல்லவா, படத்தில் நகர்த்த வேண்டுமானால் நான் ஏரியில் நகர்த்தித்தான் ஆக வேண்டும். தாவெத்தி அரை மணியில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"யோவ் ஓவியரே, உமக்கு மூளை இருக்கா? அது மரமில்லய்யா, உசிரு. உம்ம படத்துல நிலாவ வேணும்னாலும் பிடுங்கி நடும். ஏரியில ஒண்ணயும் தொடாதீர்."

"ஒரே ஒரு கன்னுதானே, தாவெத்தி."

"பாலத்துல ஒரே ஒரு பலகைதான்னு எடுப்பீரா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவனே மறுபடி நட்டான், கோணலாக. ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. முட்டாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது பழைய செய்தி. தெரியாதவன் என்று எழுத வேண்டாம்.

கண்காட்சிக்குச் சைமா ஹெல்சிங்கி புறப்பட வேண்டியது ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரி இளக இன்னும் நாள் இருந்தது. விடிகிற நேரத்தில் நான் ஏரிக்குப் போனேன். வளைவில் இருந்த கன்றுகளைப் பிடுங்கி, ஓடைவாய்க்குக் குறுக்கே நேராக நட்டேன். மெலிந்த கட்டியில் துளை போடுவது சுலபம், கோடாலி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. நடுவில் நான் நிற்க முடியாது என்பதால் ஒரு நீளப் பலகையைப் போட்டுப் படுத்துத் தவழ்ந்தேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அப்படித் தவழ்ந்ததை யாராவது பார்த்திருந்தால் கடல்நாய் என்று சுட்டிருப்பார்கள். பனி நன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய துளைகள் எல்லாம் மூடிப்போயின.

ஏன் என்றால், அந்த வளைவு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, ஐயா. ஒரு படத்தில் நேரான கோட்டுக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் பால் வண்டி வராது. ஊர் முழுக்க இக்கரைத் தேவாலயத்தில் இருக்கும். வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று நான் அக்கறை எடுத்துக்கொண்டதை நீங்கள் எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குத் திரும்பினேன். அவள் கோட்டு போட்டுத் தயாராக இருந்தாள். காலால் உதைத்துப் போகிற சறுக்கு நாற்காலியில் பெட்டியைக் கட்டியிருந்தாள். பெட்டிக்கு மேலே, கடைசியாக முடித்த படம் மெழுகுத்துணியில் சுற்றிக் கட்டியிருந்தது.

"இவ்ளோ சீக்கிரமா ஏரிக்குப் போயிட்டு வந்தியா? மீசையெல்லாம் பனி" என்று கையுறையால் துடைத்துவிட்டாள்.

"வெளிச்சம் பார்க்கப் போனேன்."

"இந்தப் பனியிலயா? சரி. அடுப்புல பார்லிக் கஞ்சி இருக்கு. உன் படத்துக்கு வெள்ளிக்கிழமை வந்து ஆள் போட்டுத் தரேன், அதுக்குள்ள விட்டுப்போச்சேன்னு நீயே மூட்டை போட்டுடாத."

"அங்கேயே தங்கிடுவே."

"போடா அண்ணா. உன் காப்பிய நினைச்சாலே திரும்பி ஓடி வந்துருவேன்."

சிரித்துக்கொண்டே கிளம்பினாள். நான் வேறு வழியாகக் குடிசைக்குப் போய் வாசலில் நின்றேன். பனிக்குள்ளிருந்து அவள் சாம்பல் நிறமாக வந்தாள், ஒரு காலில் நின்று மறுகாலால் உதைத்து, பாட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டு. வளைவு தொடங்க வேண்டிய இடத்தில் நின்றாள். கன்றுகளைப் பார்த்தாள். எத்தனை படங்களில் அந்த வளைவின் மேல் ஆட்களை நடக்கவிட்டவள், அவளுக்குத் தெரியாதா? ஆனால் தாவெத்தி ஏதோ பார்த்துத்தான் மாற்றியிருப்பான் என்று நினைத்திருப்பாள். கன்று சொன்னால் சரி, அப்படித்தானே நம்மை எல்லாம் வளர்த்திருக்கிறார்கள். குடிசைப் பக்கம் திரும்பி, "அண்ணா, பாதை மாறிடுச்சா?" என்று கேட்டாள். கத்தக்கூட இல்லை, அவ்வளவு கிட்ட.

நான் தலையாட்டினேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் ஓடினேன், ஐயா. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நான் பலகைமேல் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் தண்ணீரில் கைவிட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அழுது சொல்கிறார்கள், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. என் கையில் மெழுகுத்துணிப் பொட்டலம் இருந்ததையும் பார்த்தார்கள். துக்கத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டான் பாவம் என்று விட்டுவிட்டார்கள். பொட்டலம், அவள், இரண்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. அவள் கையுறையும் எட்டியது.

என் படத்தை நீங்கள் குடிசையிலிருந்து எடுத்துவந்து சுவரில் சாய்த்து வைத்திருப்பதை நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். நல்ல இடம், ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. அதில் வளைவு அப்படியே இருக்கிறதே, கோடு நேராக இல்லையே, ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டுவிட்டு இவ்வளவு நேரம் பொறுமையாக நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் படத்தை நான் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன், ஆட்கள்தான் பாக்கி. கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தானே போடுவேன், தாவெத்தி நட்டதை நட்டபடியே போட்டிருக்கிறேன், கோணலைக்கூட விடவில்லை. அவனை வீட்டுக்கு அனுப்ப இந்த ஒரு படமே போதும். என் படத்தால் ஒரு மனிதனுக்கு நன்மை நடப்பது இதுதான் முதல் தடவை.

வளைவு என்னை உறுத்தவில்லை, ஐயா. வளைவு இல்லாவிட்டால் அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சைமா நீராவிக் குளியலுக்குப் போயிருந்தாள். அவளுடைய கடைசிப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மற்றவற்றை எல்லாம் எனக்குக் காட்டியவள் அதை மட்டும் காட்டவில்லை. திருப்பினேன். அதில் நான் இருந்தேன். குடிசைக்குள் உட்கார்ந்து, மூக்கு சிவந்து, சட்டை வயிற்றில் சாயக் குழாய்கள் புடைத்துக்கொண்டிருக்க, நாக்கைக் கடித்தபடி படம் போட்டுக்கொண்டிருக்கிற ஒரு கிழவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பிரியமாகப் போட்டிருந்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்திருப்பதாக எனக்குத் தெரியாது. கண்கூடக் கலங்கிற்று.

பிறகுதான் பின்னால் பார்த்தேன். குடிசை வாசல் திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே ஏரி. அவள் பனி போட்டிருந்தாள்.

முப்பது வருஷம் நான் உட்கார்ந்து உறைந்து போட முயன்ற பனி அது, ஐயா. போகிறபோக்கில், ஒரு வாசல் அளவுக்கு, பின்னணிக்காகப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் குளிரெடுத்தது. என் படத்தைப் பார்த்து யாருக்கும், எனக்கே, குளிரெடுத்ததில்லை. தொப்பியால் மறைக்கிறவர்கள் அதை மறைக்க மாட்டார்கள். அவள் குளித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டதும் படத்தைத் திருப்பி வைத்தேன். முகம் சிவந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, தண்ணி சூடா இருக்கு, நீ போய்க் குளி" என்றாள். போய்க் குளித்தேன். குளிக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை பால் வண்டி வராது என்பது ஞாபகம் வந்தது.

நான்தான் செய்தேன். அவளைக் கொல்லத்தான் செய்தேன். தாவெத்தியை விட்டுவிடுங்கள்.

படம் வீட்டில் இருக்கிறது. அடுப்பருகே உலர வைத்திருக்கிறேன், தண்ணீர் உள்ளே புகவில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரமாகத் தூக்கச் சொல்லுங்கள். தினமும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நன்றாகக் கவனித்தால் ஒரு குறை இருக்கிறது, ஐயா. கரையோர நிழலில் நீலம் ஒரு பொட்டுக் கூடிவிட்டது. தொடக்கத்தில் எல்லாருக்கும் வருகிற தவறுதான். திரும்பி வந்ததும் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.